எற்பாடும் ஒரு நிமிடப் படமும்

கடற்கரையில் கதிரவன் மறைவதை டைம்லாப்ஸ் முறையில் எடுத்த படங்களை இன்று காணாதவர் அரிது. கைப்பேசியைத் திறந்தால் நாளொன்றுக்கு ஒன்றிரண்டாவது வந்து விழுகின்றன. பொன்வட்டம் ஒன்று வழுக்கியபடி இறங்கும்; மேகங்கள் அடுப்புப் புகைபோல் ஓடும்; வானம் சிவந்து, ஊதாவாகி, கருத்துவிடும். மொத்தம் முப்பது விநாடி. பின்னணியில் பெரும்பாலும் ஒரு புல்லாங்குழல். பார்த்துவிட்டு ‘அருமை’ என ஒரு சொல் இட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இத்தகைய படங்களை இகழ்வது நம் நோக்கமன்று. நாமும் விரும்பிப் பார்ப்பவரே. ஆயினும் அவற்றின்மேல் நமக்கு இரண்டு குறைகள் உண்டு. அவை மிகத் தாமதமாகத் தொடங்குகின்றன. கேமராவை வேண்டியதற்கு அதிகமாக மேலே தூக்கிவிடுகின்றன. ஒளிப்படக் கலைஞர்களிடம் சொன்னால் இவற்றைக் குறைகள் என்றே ஒப்பமாட்டார்கள். தமிழ் இலக்கியம் பயின்றவர்கள் மட்டும் சற்று நின்று கேட்கக்கூடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம்.

தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு வகுத்த சிறுபொழுது எற்பாடு. எல் என்பது கதிரவன். படுதல் என்பது சாய்தல், மறைதல். நாள் முழுவதையும் ஆறு கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை எனக் கொள்வது நம் பாடநூல் வழக்கம். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஆகவே எற்பாடு என்பது 240 நிமிடம், அதாவது பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை நீளும் நான்கு மணி நேரம். இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவர் இல்லை. ஆனால் இதன் பொருளை நின்று எண்ணியவர் எத்தனை பேர்? கடற்கரைக்குரிய பொழுது வானம் சிவக்கும் அந்த அழகிய கால் மணி நேரம் என்று நம் இலக்கணம் சொல்லவில்லை. உச்சி சாய்ந்து, மணல் இன்னும் கால் வைக்க முடியாமல் சுடும் நேரத்திலேயே அந்தப் பொழுது தொடங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்தபின் வரும் மாலையோ முல்லைக்கு உரியது. டைம்லாப்ஸ் எடுப்பவர்கள் பெரிதும் விரும்பும் மறைவுக்குப் பிந்தைய நீல வெளிச்சம், இக்கணக்கின்படி பார்த்தால் ஆயர்பாடியின் சொத்து. நெய்தல் பாடல்களில் மாலை தாராளமாக வருகிறதே என்று கேட்கலாம். வருகிறதுதான். பொழுது மயங்கும் என்பதற்கு உரையாசிரியர்கள் இடம் வைத்தே சென்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கெங்கவல்லியில் இருந்துகொண்டு எழுதுவது சற்று வேடிக்கைதான். தெற்கே பச்சைமலையும் தென்மேற்கே கொல்லிமலையும் நிற்க, மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் ஊர் இது. கடலுக்கும் நமக்கும் உள்ள ஒரே உறவு சுவேத நதி. கொல்லிமலையில் பிறந்து கெங்கவல்லியைத் தொட்டுச் சென்று, வசிட்ட நதியோடு கூடி வெள்ளாறு எனப் பெயர் பெற்று, பரங்கிப்பேட்டையில் அது கடல் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான். ஆயினும் முகவரி முகவரிதானே. அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றாலும், மாலையில் கதிரவன் நமக்கு முதுகுப்பக்கத்தில்தான் மறைவான். கிழக்குக் கடற்கரையின் நிலை அப்படி. சென்னையின் மெரினாவிலும், நாகப்பட்டினத்திலும், தூத்துக்குடியிலும் கடலில் எழுவதைத்தான் காணலாம். மறைவது நிலத்தின்மேல், வீடுகளின்மேல், பனைகளின்மேல்.

இன்றைய தமிழ்நாட்டுக்கு மேற்குக் கடற்கரை என்று இருப்பது குமரி மாவட்டம் ஒன்றே. அதுவும் மாநிலச் சீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1 அன்று நம்மோடு வந்து சேர்ந்தது. அதே நாளில் சென்னை மாநிலத்திடம் இருந்த மலபார், கேரளத்துக்குப் போனது. சங்கப் புலவர்களுக்கு இந்த எல்லைத் தொல்லை இல்லை. முசிறியும் மேற்குத் தொண்டியும் சேரர் கடற்கரையாக இருந்த காலத்தில், கடலில் கதிர் விழுவதைப் பார்த்தே வளர்ந்த தமிழர் பலர் இருந்திருப்பர். எற்பாடு என்பதற்குக் கதிரவன் தோன்றும் காலை என்றே பொருள் கொண்டு வாதிட்டவர்களும் நம் மரபில் உண்டு. கீழைக் கடற்கரையை மனத்தில் வைத்து நோக்கினால் அந்த வாதத்தின் கவர்ச்சி விளங்கும். நமக்கு அதில் உடன்பாடில்லை. சொல் ‘படு’ என்று நிற்கும்போது எழுதலை அதற்குள் கொண்டுவருவதற்கு மிகுந்த உழைப்பு வேண்டியிருக்கிறது. தவிரவும், கதிர் கடலில் விழவேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது? நிலத்தின் பின்னே விழுந்தாலும் கடற்கரையில் அது எற்பாடுதான். கதிரும் திங்களும் ஒன்றையொன்று நேர்நோக்க, கதிர் மலைக்குப் பின் மறையும் நிறைமதி மாலையைப் புறநானூற்று 65ஆம் பாட்டில் கழாத்தலையார் உவமையாக்குகிறார். முதுகில் புண்பட்டு வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் பாடிய பாட்டு அது. சேரனைப் பாடும்போதும் அவர் கண்முன் வந்தது மலைதான், கடல் அன்று. சித்திரைப் பௌர்ணமி அன்று இதே காட்சியைக் கடல் விளிம்பில் காணவே குமரிமுனையில் கூட்டம் கூடுகிறது.

இனிப் படமெடுக்கும் முறைக்கு வருவோம். டைம்லாப்ஸ் என்பதற்குக் காலச்சுருக்கம் முதலாகப் பல சொற்கள் முன்மொழியப்படுகின்றன. வழக்கு எதையும் இன்னும் ஏற்கவில்லையாதலால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறோம். கேமராவை அசையாமல் நிறுத்தி, குறித்த இடைவெளியில் ஒவ்வொரு படமாக எடுத்து, பின்னர் அவற்றை விநாடிக்கு 24 என்ற சினிமா வேகத்தில் ஓடவிடுவதே இதன் சூத்திரம். பத்து விநாடிக்கு ஒரு படம் என்று வைத்து எற்பாடு முழுவதையும் எடுத்தால் 1440 படங்கள் கிடைக்கும். அதாவது சரியாக ஒரு நிமிடம். ஒரு நாழிகை ஆறு விநாடியாகிறது. இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக அமைந்தது தற்செயல்தான். எனினும் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது மாணவர்களிடம் உண்டான உற்சாகத்தை எந்தச் சூத்திர உரையும் உண்டாக்கியதில்லை.

இதே கணக்கின் இன்னொரு பக்கம் உண்டு. கதிர்வட்டம் அடிவானைத் தொடத் தொடங்கி முழுவதும் மறைய, நம் அட்சரேகையில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பத்து விநாடி இடைவெளியில் அது பதின்மூன்று படங்கள். திரையில் அரை விநாடி. கூட்டம் எதைக் காண வந்ததோ அது கண் இமைப்பதற்குள் போய்விடுகிறது. இயற்பியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடிவானில் காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், வட்டத்தின் கீழ்விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் காணும் கணத்தில் மெய்யான கதிரவன் ஏற்கெனவே அடிவானுக்குக் கீழே போயிருக்கிறான். போனவனைத்தான் நாம் வழியனுப்பிக்கொண்டு நிற்கிறோம். கடைசிக் கீற்று மறையும்போது சில வேளைகளில் தோன்றும் பச்சை ஒளியோ ஓரிரு விநாடியே நிற்பது. ஜூல் வெர்ன் 1882இல் அதை வைத்து ஒரு நாவல் எழுதினார். எரிக் ரோமர் 1986இல் அதே பெயரில் எடுத்த படத்தின் இறுதியில் ஒரு பெண் கடற்கரையில் அதற்காகக் காத்திருக்கிறாள். பத்து விநாடி இடைவெளியில் எடுக்கும் படத்தில் அந்த ஒளி இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிட வாய்ப்பு மிகுதி.

கைப்பேசிகள் இந்த முறையைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தன. 2014இல் ஐபோனில் இவ்வசதி வந்தபோது அதில் ஒரு தந்திரம் இருந்தது. பயனர் எவ்வளவு நேரம் எடுக்கிறாரோ அதற்கேற்பக் கருவி தானே இடைவெளியைக் கூட்டிக்கொண்டு, நடுவிலுள்ள படங்களைக் கழித்துவிடும். அரை மணி எடுத்தாலும் ஐந்து மணி எடுத்தாலும் கிடைப்பது இருபதிலிருந்து நாற்பது விநாடிக்குள் அடங்கும். பார்ப்பவரின் பொறுமை எவ்வளவு என்பதைக் கருவி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. எற்பாட்டைப் பத்து நாழிகை என்று வகுத்தவர்களுக்கும் இதைச் செய்த பொறியாளர்களுக்கும் இடையே உள்ள தொலைவை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒளியின் சிக்கல் இன்னும் சுவையானது. பிற்பகலுக்கும் கதிர் மறைந்த அரை மணிக்கும் இடையே வெளிச்சம் பல்லாயிரம் மடங்கு குறைகிறது. தானியங்கி முறையில் விட்டால் கேமரா ஒவ்வொரு படத்தையும் பிரகாசமாக்கிக்கொண்டே போகும். அதனால் படம் மினுங்கித் துடிக்கும். பொழுது இருட்டுவதே தெரியாது. இருள் வருவதை ஒப்புக்கொள்ள மறுக்கும் கருவி அது. தேர்ந்தவர்கள் ஒளியளவைக் கையால் அமைத்து, படிப்படியாக மாற்றிக்கொண்டு போவார்கள். அதற்கு அருகிலேயே இருக்கவேண்டும். வெளிச்சத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் இளங்கலைத் தமிழ் மாணவர்களைக் குமரிக்கு அழைத்துச் சென்றோம். ஓர் இரவுப் பயணம். அவர்களுள் சிலர் கடலையே அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள். நெய்தலின் தெய்வம், மக்கள், பறவை, பூ, தொழில் என்று கட்டம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சமவெளிப் பிள்ளைகளுக்குத் திணை அட்டவணையாகத்தான் வந்து சேர்கிறது. குறிஞ்சியையாவது ஜன்னல் வழியே காட்டிவிடலாம். முனையில் கூட்டம் மிகுதியாதலால், அதற்கு மேற்கே ஒரு மீனவர் ஊரின் கரையைத் தேர்ந்துகொண்டோம். மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிய ட்ரைபாடின் கால்களை மணலில் புதைத்து, காற்றில் அசையாதிருக்க அடியில் தண்ணீர்க் கேன் ஒன்றைத் தொங்கவிட்டு, பிற்பகல் இரண்டேகால் மணிக்குத் தொடங்கினார்கள். அவ்வழியே தலையில் பாத்திரத்துடன் போன ஓர் அம்மா நின்று பார்த்து, “என்ன மக்களே, வெயில் இன்னும் தாழலியே, அதுக்குள்ளயா?” என்று சிரித்தார். ‘சன்செட்’ படமெடுக்க வருபவர்கள் ஐந்தரைக்கு வருவதுதான் அவர் கண்ட வழக்கம்.

அந்த நான்கு மணி நேரத்தில் நடந்தது என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றே சொல்லவேண்டும். வெயில் காய்ந்தது. படகொன்றின் நிழலில் ஒருவர் அமர்ந்து வலை பழுதுபார்த்தார். நிழல் நகர நகர அவரும் ஒரு முழம், இரு முழம் என நகர்ந்துகொண்டார். கருவாட்டைப் பெண்கள் புரட்டிப் போட்டார்கள். நம் ஆத்தூர் வட்டாரச் சேகோ ஆலைக் களங்களில் ஜவ்வரிசி காயவைப்பவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்களே, அதே பார்வை. நாலரை மணிக்குமேல் சிறு வள்ளங்கள் சில கடலில் இறங்கின. ஐந்தரைக்குச் சுற்றுலாக் கூட்டம் வந்தது, கைகளை உயர்த்தியது, கதிர் மறைந்த ஐந்தாவது நிமிடத்தில் கலைந்தது. தமிழ்த்துறைப் பிள்ளைகள் முதல் ஒரு மணி நேரம் பேசினார்கள், அடுத்த ஒரு மணி நேரம் சலித்தார்கள், அதற்குப்பின் சலிப்பதையும் விட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்றாவது மணி நேரத்தில்தான் நெய்தல் பாடம் நடந்தது என்று நாம் கருதுகிறோம்.

மறுவாரம் படத்தைத் தொகுத்து வகுப்பில் ஓட்டினார்கள். வானம் எல்லாரும் எடுப்பதுபோலத்தான் இருந்தது. கடல் அலைகள் தனித்தனியே தெரியாமல் ஒரு நடுக்கமாகக் கிடந்தன. ஐந்தரை மணிக் கூட்டம் சில புள்ளிகளாக வந்து நொடியில் அழிந்தது. அவர்களுள் ஒருவர் முகமும் இல்லை. ஆனால் வலைக்காரர் இருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ அரை நிமிடம் அவர் இருந்தார். கைகள் மட்டும் துடிக்க, படகின் நிழலோடு தானும் நகர்ந்து நகர்ந்து, அசையாத கரையின் ஒரு பகுதிபோல.

ஒளிப்படக் கலையின் தொடக்கத்தில் இதே நிகழ்ச்சி உண்டு. 1838இல் பாரிஸின் ஒரு பெருந்தெருவைத் தகேர் தம் வீட்டுச் சன்னலிலிருந்து படமெடுத்தார். படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்த காலம். தெருவில் சென்ற வண்டிகளும் நடந்த மனிதர்களும் தகட்டில் விழவில்லை. தெரு வெறிச்சோடிக் காணப்படுகிறது. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். ஒளிப்படத்தில் அகப்பட்ட முதல் மனிதர்களுள் ஒருவராக அவர் சொல்லப்படுவது நின்ற காரணத்தால்தான். டைம்லாப்ஸும் அந்தக் குணத்தை விடவில்லை. வந்துபோகிறவர்களை அது வைத்துக்கொள்வதில்லை, தங்கியிருப்பவர்களை வைத்துக்கொள்கிறது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தங்கியிருப்பவரின் உணர்ச்சி அது. போனவன் கடலில் இருக்கிறான், அல்லது கானலைக் கடந்து தன் ஊருக்குப் போய்விட்டான். கரையில் இருப்பவளுக்குப் பொழுது நகர மறுக்கிறது. நாரையும் கழியும் தாழையும் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குவது, வேறு எதுவும் நடவாதபடியால்தான். இத்தகைய பாடல்களை விளக்கும்போது ‘மாலைக் காட்சியின் அழகு’ என்று தொடங்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அழகு என்று ஒரு சொல்லைப் போட்டவுடன் காத்திருத்தல் கழன்று போய்விடுகிறது. முப்பது விநாடிப் படம் செய்வதும் அதைத்தான். நாம் வகுப்பறையில் செய்யும் காலச்சுருக்கம் என்று அதைச் சொல்லலாம்.

மேற்குக் கடலைப் பார்த்துக் கரையில் நிற்பது என்றால் என்ன என்பதைக் குமரி மாவட்டம் அண்மையில் அனுபவித்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக்குத் தெற்கே கடந்து அரபிக்கடலுக்குள் சென்றது. பல நாள் தங்கி மீன்பிடிக்க முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் சென்றவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பலரின் உடலும் கிடைக்கவில்லை. தேடச் சொல்லி அந்த டிசம்பரில் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தன. அந்த நாள்களிலும் ஒவ்வொரு மாலையும் அதே கடலில் அதே கதிர் அதே நிறத்தில்தான் இறங்கியிருக்கும். அந்தக் கரைகளில் இன்று கேமராவை நிறுத்துகிறவர்கள் அதைக் கடலையும் வானையும் மட்டும் பார்க்கும்படி தூக்கிவைப்பதில் நமக்குள்ள மனத்தாங்கல் இதனால்தான். கட்டத்துக்குள் ஆளோ படகோ வந்தால் ‘ஃப்ரேம் கெட்டுவிட்டது’ என்கிறார்கள். நெய்தலுக்கு நாம் சொல்லும் விளக்கம் கடலும் கடல் சார்ந்த இடமும் என்பது. ‘சார்ந்த’ என்ற சொல்லில்தான் ஊர் இருக்கிறது, வலை இருக்கிறது, ஆள் இருக்கிறார்.

ஆகவே எடுக்க விரும்புகிறவர்களுக்கு நாம் சொல்வது எளிது. இரண்டு மணிக்கே போங்கள். அடிவானைப் படத்தின் மேல்பகுதியில் வைத்து, கரைக்கு இடம் கொடுங்கள். இடைவெளியைக் கருவியிடம் விடாதீர்கள். நிழலில் இருப்பவரிடம் படம் எடுப்பதாகச் சொல்லி அனுமதி கேளுங்கள்; அவர் சொல்லும் வானிலைக் கணிப்பும் இலவசமாகக் கிடைக்கும். அலையை மூடுபனியாக்கும் கறுப்புக் கண்ணாடி வில்லைகளைத் தவிர்த்தால் நல்லது. ஓயாமல் அடிக்கும் ஒன்றைப் பஞ்சாக்கிக் காட்டுவதில் நமக்கு ஒப்புதல் இல்லை. முடிந்த படத்தைப் பிறருக்கு அனுப்பலாம். ஆனால் நான்கு மணி நேரத்தை உடன் அனுப்ப வழியில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது எடுத்தவருக்கே உரியது.

மாணவி ஒருவர் அன்று இன்னொரு காரியமும் செய்திருந்தார். வேறொரு கைப்பேசியில், வேகம் எதுவும் கூட்டாமல், ஒரு நாழிகை நேரம் அப்படியே எடுத்து வைத்திருந்தார். காற்றிரைச்சலோடு 24 நிமிடம். அதையும் வகுப்பில் ஓட்டினோம். ஐந்தாவது நிமிடத்தில் பின் பெஞ்சில் பேச்சு தொடங்கியது; பத்தாவது நிமிடத்தில் தானே அடங்கியது. படத்தில் சிறு வள்ளம் ஒன்று அலையை மீறி உள்ளே போய், சிறுத்துச் சிறுத்து, கண்ணுக்குத் தெரியாமலாகிறது. அதற்கு மட்டும் ஒன்பது நிமிடம் ஆகிறது. விளக்கைப் போட்டதும், பயணத்துக்கு வராத மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, அந்தப் படகு எப்பத் திரும்பி வந்துச்சு?”

மாலையில் இறங்கும் வள்ளங்கள் இரவெல்லாம் தொழில் பார்த்து விடியலில்தான் கரை திரும்பும். நாம் ஏழு மணிக்குப் பேருந்து ஏறியிருந்தோம்.